மலையை முழுச் சுற்றாக நடக்க விடுங்கள்

குண்டசாலை, திகன, தெல்தெனிய, வத்தேகம பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலை ஆசிரியர்களுக்கு,



இந்த வருடக் கல்விச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்று ஆசிரியர் அறையில் பேச்சு தொடங்கியிருக்கும். பிள்ளைகளிடம் காசு சேர்க்கத் தொடங்கும் முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். தரம் 10 பிள்ளைகளை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப் போங்கள். போனால், உலக முடிவு என்ற பாறை விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பாமல், அங்குள்ள சுற்றுப்பாதை முழுவதையும், ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோமீற்றரையும், தங்கள் காலால் நடக்க விடுங்கள். அரை நாள் போதும். வேறெந்த இடத்தையும் அன்றைக்குச் சேர்க்காதீர்கள்.

வழக்கமான பயணம் எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நடுநிசி தாண்டி பஸ் புறப்படும். பாட்டும் தாளமும் கம்பளை வரை நீளும். றம்பொடை வளைவுகளில் பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பார்கள். விக்டோரியா பூங்கா, சீதா எலிய கோயில், ஹக்கல பூந்தோட்டம் என்று நீளும் பட்டியலில் ஹோட்டன் சமவெளியும் ஒரு வரியாக இருக்கும். பத்து மணி தாண்டிப் போய்ச் சேர்ந்தால் உலக முடிவை மேகம் மூடியிருக்கும். வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, பஸ்காரர் கத்துகிறார் என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டு வந்துவிடுவோம். கோயிலையும் பூந்தோட்டத்தையும் நான் குறை சொல்லவில்லை. அவற்றுக்கு வேறொரு நாள் இருக்கிறது. ஆனால் ஒரு மலையின் பெயரைப் பிள்ளையின் கொப்பியில் எழுதவைத்துவிட்டு, அந்த மலையை அவளுக்குக் கொடுக்காமலே திருப்பிக் கூட்டிவருவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

நம் வகுப்பறைகளில் இருப்பவர்கள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். பலர் இன்றும் தோட்டத்து லயன்களிலிருந்து வருகிறவர்கள். மற்றவர்கள் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தை விட்டு இறங்கி, கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலை தேடிக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள். மலை இவர்களுக்குப் புதிதில்லை. அம்மா காலையில் மலைக்குப் போய், சரிவில் கால் ஊன்றி நின்று கொழுந்து பறித்து, நிறுவைக்குக் காத்திருந்து, பொழுது சாய வீடு திரும்புவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த மலையில் அட்டை கடிக்கும், முழங்கால் வலிக்கும், நிறை குறைந்தால் அரை நாள் சம்பளமாக அரைப்பேர் விழும். வேலையில்லாமல், அவசரமில்லாமல், கண்ணுக்காகவும் காலுக்காகவும் மட்டும் ஒரு மலையில் நடக்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

அப்படி உலாவும் பாக்கியம் இந்த நாட்டில் நெடுங்காலம் துரைமாருக்கே இருந்தது. சிங்களத்தில் மகா எலிய எனப்படும் அந்தச் சமவெளிக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோடு அங்கே மரை வேட்டையாடினார். அருவிக்கு அவர் பெயர். நடைப்பாதை தொடங்குமிடத்தில் உள்ள பழைய கட்டடத்துக்கு ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயர். அந்தக் காலத்தில் யானைகளும் அங்கே திரிந்தன. இன்று ஒன்றுகூட இல்லை. சுற்றியிருக்கும் சரிவுகளில் காடு வெட்டி, கோப்பி நட்டு, 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகு தேயிலை நட்டவர்களின் பெயரில் அங்கே ஒரு கல்லும் இல்லை. இதைச் சொல்லிப் பிள்ளைகளை அழவைக்க வேண்டாம். அவர்கள் அங்கே போய்த் தலை நிமிர்ந்து நடக்கட்டும். அது இப்போது எல்லோருக்குமான நிலம். 1969இல் ஒதுக்கப்பட்டு, 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த 3,160 ஹெக்டேயர்.

குண்டசாலைப் பிள்ளைக்கு அந்த நிலத்தோடு இன்னொரு உறவும் இருக்கிறது. மகாவலி நம் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்க மன்னன் அதன் கரையில் மாளிகை கட்டி வாழ்ந்ததால் குண்டசாலை அரசன் என்றே அழைக்கப்பட்டதை வரலாற்றுப் பாடத்தில் சொல்லிவிடுகிறோம். மதுரையிலிருந்து அவனுக்குப் பெண் வந்ததையும், அவனுக்குப் பிறகு அரியணை நாயக்கர் வழிக்குப் போனதையும் சொல்லிவிடுகிறோம். ஆற்றுத் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்பதை வரைபடத்தில் ஒரு நீலக் கோடாகக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அது அங்கிருந்துதான் வருகிறது. ஹோட்டன் சமவெளியின் ஒரு பக்கத்தில் ஊறும் தண்ணீர் ஆக்ரா ஓயாவாக அக்கரப்பத்தனைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கி, கொத்மலை ஓயாவில் கலந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தில் தங்கி, மகாவலியில் சேர்ந்து, கம்பளை, பேராதனை கடந்து, கண்டியை வளைத்து, பொல்கொல்லை அணையில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு குண்டசாலைக்கு வருகிறது. பிறகு விக்டோரியா நீர்த்தேக்கம். அதற்காக மூழ்கிய பழைய தெல்தெனிய ஊரைப் பற்றி உங்கள் பாடசாலைப் பெற்றோரிலேயே பலர் கதை வைத்திருப்பார்கள். கடைசியில் திருகோணமலை, கொட்டியாரக்குடா. அதே சமவெளியின் இன்னொரு பக்கத்தில் விழும் மழை களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகிறது. வேறொரு பக்கத்து மழை வளவை கங்கையாகித் தெற்கே அம்பலாந்தோட்டைக்குப் போகிறது. ஒரே மேகம் கொட்டிய மழை, எந்தப் புல்லின் அடியில் விழுந்தது என்பதைப் பொறுத்து மூன்று கடற்கரைகளுக்குப் பிரிந்து போவதை ஒரு பிள்ளை நின்ற இடத்திலேயே புரிந்துகொள்ளக்கூடிய இடம் இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது?

இனி நடையைப் பற்றிச் சொல்கிறேன். மனம்விட்டுச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டிப்பொலையிலிருந்து ஏறும் வழியில், விடியும் முன்னரே வாயிலை அடைந்துவிட வேண்டும். ஆறு மணிக்குத் திறப்பார்கள். நடை தொடங்குமிடத்தில் ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்து பொலித்தீன், பிளாஸ்திக் உறைகளை எடுத்துவிடுவார்கள். பிஸ்கட்டைக் கடதாசியில் மாற்றிக் கட்டித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய தாளைக்கூட உரித்துவிடுவார்கள். இதைத் தொல்லையென்று முணுமுணுக்காமல், ஏன் செய்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு அங்கேயே விளக்குங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் வந்து நிற்கும். மனிதர் கொடுத்த பாணுக்கும் பழத்தோலுக்கும் பழகிப்போனவை அவை. கை நீட்ட விடாதீர்கள். காட்டு விலங்கு கையேந்தப் பழகிவிட்டால் காட்டுக்குள் அது பிழைக்கும் விதம் கெட்டுப்போகிறது, உறைகளையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது.

பாதை முதலில் திறந்த புல்வெளியில் போகும். பத்தனை என்று நாம் சொல்லும் புல்வெளி, இங்கே கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கிறது. புற்கள் குத்துக் குத்தாக நிற்கும். தை, மாசியில் போனால் அவற்றின் நுனியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் தொட்டதும் பத்து நிமிடத்தில் இருந்த இடம் தெரியாது. தாழ்ந்த இடங்களில் கால் வைத்தால் கறுப்பு மண் நீரைக் கக்கும். அந்தக் கறுப்பு மண்ணைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. செடிகள் முழுதாக அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்த மண் அது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்து மகரந்தத் துகள் சிக்கிக் கிடக்கும். அதைத் தோண்டி எடுத்து ஆராய்ந்துதான், ஏறத்தாழ 24,000 வருடங்களில் இந்த நாட்டின் மலையில் எப்போது மழை கூடியது, எப்போது வறண்டது என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். விஞ்ஞானப் பாடம் எடுப்பவர் கூட வந்தால் அந்த இடத்தில் பிள்ளைகளைக் குந்தவைத்து ஐந்து நிமிடம் பேசட்டும்.

சற்றுத் தூரத்தில் ஒரு ஓடை குறுக்கே வரும். பெலிஹுல் ஓயா. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; பின்னால் அதைக் கேட்கப்போகிறோம்.

பாதை பிரியுமிடத்தில் சிறிய உலக முடிவு என்று பலகை காட்டும் பக்கமாகத் திரும்புங்கள். அருவிப் பக்கத்தால் தொடங்கினால் விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மேகம் வந்துவிடும். இந்த இடத்திலிருந்து புல்வெளியும் காடும் மாறி மாறி வரும். காடு என்றவுடன் நம் பிள்ளைகள் வானளாவிய மரங்களை எதிர்பார்ப்பார்கள். இங்கே மரங்கள் குட்டையானவை. காற்று தலையைத் தட்டித் தட்டி வளர்த்த மரங்கள். கிளைகள் கோணி, மேலே விரிந்து, உடம்பெல்லாம் பாசியும் மரக்காளானும் ஏந்தி நிற்கும். கீன என்ற மரம் நிறைய. மகரத்மல் என்னும் சிவப்புப் பூ மரம் புல்வெளியில் தனித்தனியே நிற்கும். அதே மரத்தின் உறவு இனம் நீலகிரியில் இருக்கிறது. அங்கே காட்டுப்பூவரசு என்பார்கள். புல்வெளிக்கு நடுவே மடுவுகளில் சோலை ஒளிந்து நிற்கும் நீலகிரியின் அமைப்பும் இதுவும் ஒன்றே. நம் முன்னோர் புறப்பட்ட நாட்டின் மலைகளும் நாம் வந்து சேர்ந்த நாட்டின் மலைகளும் நாம் கப்பலேறுவதற்குப் பல்லாயிரம் வருடம் முன்பே உறவு கொண்டாடியிருக்கின்றன என்பதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நெகிழ்கிறது.

வெளுத்துப்போன பட்டமரங்களும் வழியில் தெரியும். அவற்றைக் கடந்து போய்விடாதீர்கள். இந்த மேகக்காட்டில் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து சாவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. மண், காற்று மாசு, வறட்சி என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் அலசி வருகிறார்கள். மஞ்சள் பூவோடு அழகாக நிற்கும் ஒரு முட்புதரையும் காட்டுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தச் செடி இங்கே புல்லைக் கொன்று பரவுகிறது. அழகாக இருப்பதெல்லாம் அந்த மண்ணுக்கு நல்லதல்ல என்பதைப் பதினைந்து வயதில் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இரவில் மட்டும் வெளியே வரும் ஒரு தேவாங்கும் இந்தக் காட்டில் இருக்கிறது. அழிந்துவிட்டதோ என்று ஐயப்பட்டிருந்த நிலையில் 2010இல்தான் அதன் படங்கள் முதன்முதலாக வெளியாயின. பிள்ளைகள் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் அது அங்கே தூங்குகிறது என்று தெரிந்தால் தானாகக் குரல் தணியும்.

சிறிய உலக முடிவில் நிலம் திடீரென்று முடிகிறது. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, காட்டு வழியாக மேலும் ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட நடந்தால் பெரிய விளிம்பு. ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்து. எண்ணைச் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அவர்களுக்குத் தெரிந்த விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். அப்படி ஏழு அணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இந்தப் பாறையின் தலையை எட்டாது என்று சொல்லுங்கள். இலங்கை மூன்று படிகளாக உயர்ந்திருக்கிறது என்று புவியியல் பாடத்தில் மனனம் செய்கிறார்களே, அந்தப் படியின் விளிம்பில் இப்போது அவர்களின் சப்பாத்து நிற்கிறது.

ஒன்பது மணிக்குள் அங்கே இருந்தால் தெற்குச் சமவெளி முழுவதும் கண்முன் விரியும். கீழே ஒரு நீர்த்தேக்கம் மினுங்கும். காலையில் கடந்த ஓடையின் பெயர் என்ன என்று இப்போது கேளுங்கள். பெலிஹுல் ஓயா வளவை கங்கையோடு சேருமிடத்தில் கட்டிய சமனலவெவ அது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் சப்பாத்தை நனைத்த தண்ணீர் அடுத்து எங்கே போகிறது என்பதை ஒரு பிள்ளை கையை நீட்டிக் காட்டும்போது, அந்த ஒரு கணத்துக்காகவே இத்தனை தூரம் பஸ்ஸில் வந்தது தகும்.

பிறகு மேகம் வரும். அதையும் தவறவிடாதீர்கள். கீழே சூடேறிய காற்று பாறைச் சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏற ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிர்கிறது. விளிம்பை எட்டுவதற்குள் அதிலிருந்த நீராவி துளியாகிவிடுகிறது. மேகம் பிறப்பதை மேலேயிருந்து பார்க்கலாம். காட்டு மரங்களின் பாசி அந்தத் துளிகளைப் பிடித்து, மழையே பெய்யாத நாளிலும் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கிறது. ஆறுகள் வறட்சியிலும் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மேகம் மூடும் முன்பாக அவர்கள் பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. விளிம்பின் நேர் கீழே, மிக ஆழத்தில், பச்சை வரிகள் தெரியும். தேயிலை. நடுவே தகரக் கூரைகள் ஒரே நேராக வரிசை பிடித்திருக்கும். நன்பேரியல் தோட்டம். பெரியவர்கள் பலர் அதைப் பார்த்து "எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டுப் படமெடுப்பார்கள். நான் கூட்டிப் போன பிள்ளைகளில் ஒருத்தி நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சேர், கீழ இருக்கிறது நம்ம லயம் மாதிரியே இருக்கே" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். எது வடிகான், எது பிள்ளைக் காம்பரா, எது கோயில் என்று ஆளுக்காள் ஊகிக்கத் தொடங்கினார்கள். தண்ணீர்ப் பீலி எங்கே இருக்கும், பாடசாலைக்குப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் ஏறி இறங்குவார்கள், மழை நாளில் அந்தப் பாறைக்கு அடியில் தூக்கம் வருமா என்று பேசினார்கள். அந்தக் காட்சியை அவர்களைப்போல வாசிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு அந்த விளிம்பில் வேறு யாரும் இருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டும்.

அந்த விளிம்பில் நின்று கல் வீசுகிறவர்கள் உண்டு. எதிரொலி கேட்கக் கத்துகிறவர்களும் உண்டு. கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையிருக்காது. மற்றவர்களுக்கு அவர்களே சொல்வார்கள். பாதுகாப்பில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள். 2015இல் மனைவியைப் படமெடுக்கப் பின்னால் அடி வைத்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் இங்கிருந்து விழுந்து, கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் பிழைத்தார். இராணுவத்தினர் இறங்கி மீட்டார்கள். எல்லோருக்கும் அப்படி மரம் வாய்ப்பதில்லை. விளிம்புக்கு ஐந்தைந்து பேராக மட்டும் போகட்டும். கையில் தொலைபேசி வேண்டாம். ஓர் ஆசிரியர் விளிம்புக்கு முதுகு காட்டாமல் பிள்ளைகளுக்கும் பள்ளத்துக்கும் இடையில் நிற்கட்டும்.

பெரும்பாலானவர்கள் இங்கிருந்தே திரும்பிவிட நினைப்பார்கள். திரும்பாதீர்கள். சுற்றின் மறுபாதியில் கூட்டம் குறையும், பேச்சும் தானாகக் குறையும். காடு, பிறகு வழுக்கும் படிகள், அவற்றின் அடியில் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. உயரம் 20 மீற்றர்தான். ஆனால் குளிர்ந்த பள்ளத்தில் பன்னங்களுக்கு நடுவே அது விழும் விதம் தனி. அதுவும் பெலிஹுல் ஓயாதான். குளிக்க இறங்கவிடாதீர்கள். அங்கிருந்து ஏறினால் மறுபடியும் அகன்ற புல்வெளி. இப்போது யாரும் யாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடமாட்டார்கள். கால் களைத்து, மனம் திறந்து, இரண்டிரண்டு பேராக நடப்பார்கள். வகுப்பில் ஒரு வருடமாக வாய் திறக்காத பிள்ளை ஆசிரியரின் பக்கத்தில் வந்து நடந்துகொண்டே வீட்டுக் கதையைச் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். மூன்றரை நான்கு மணித்தியாலத்தில் சுற்று முடியும். கொண்டுபோன ரொட்டியும் கட்டுச்சம்பலும் அங்கே தேவாமிர்தமாக இருக்கும்.

இந்த நிலம் தேயிலைக்குப் போகாமல் மிஞ்சியது எப்படி என்று யாராவது கேட்டால், ஒரு தாவரவியலாளரின் பெயரைச் சொல்லுங்கள். லண்டன் கியூ தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர், மலை உச்சிகளின் காடு போனால் ஆறுகளும் மழையும் கெடும் என்று எச்சரித்தார். 1873இல் 5,000 அடிக்கு மேலே காடு வெட்டுவதற்கு அரசாங்கம் தடை போட்டது. அந்தத் தடையை எல்லா இடத்திலும் மதிக்கவில்லை என்பதற்கு 6,000 அடியில் தேயிலை சூழ நிற்கும் நுவரெலியாவே சாட்சி. ஆனாலும் அந்த எச்சரிக்கை இல்லாமல் போயிருந்தால் இன்று குண்டசாலைக்கு எப்படிப்பட்ட ஆறு வந்திருக்கும் என்று பிள்ளைகளையே யோசிக்கவிடுங்கள்.

உங்களுக்குள்ள கஷ்டங்கள் எனக்குத் தெரியும். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், பஸ் வாடகை, ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். அதிபர் தயங்குவதும் நியாயமே. என் யோசனைகளைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது எண்பது பேரைக் கூட்டிப் போகாமல் இருபத்தைந்து பேரோடு ஒரு சிறிய பஸ். கூடவே நான்கு ஆசிரியர்கள். காசு கட்ட முடியாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் பயணம் வேண்டவே வேண்டாம். அபிவிருத்திச் சங்கத்திடமும் பழைய மாணவரிடமும் முன்கூட்டியே கேட்டால் கிடைக்கும். நள்ளிரவுப் பயணத்தைத் தவிர்க்க, முதல் நாளே அக்கரப்பத்தனை, பட்டிப்பொலைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றில் மண்டபம் கேட்டுத் தங்கலாம். அங்குள்ள பிள்ளைகள் சிலரையும் நடைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றின் தலைப்பில் வாழ்கிற பிள்ளையும் ஆற்றின் நடுவில் வாழ்கிற பிள்ளையும் ஒன்றாக நடப்பதற்கு மேல் ஒரு சமூகக்கல்விப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "அவங்களுக்கு முடியாது, பஸ்ஸில இருக்கட்டும்" என்ற பேச்சு இன்னும் நம் பாடசாலைகளில் கேட்கிறது. இவர்களின் தாய்மார் தினமும் எத்தனை கிலோ கொழுந்தைத் தலையிலும் முதுகிலும் சுமந்துகொண்டு சரிவு ஏறுகிறார்கள்! அவர்கள் நடப்பார்கள். நல்ல சப்பாத்து, நீளமான காற்சட்டை, கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு இருக்க வேண்டும். போகும் வழியிலும் நடை தொடங்கும் முன்பும் மலசலகூட வசதியை உறுதிசெய்ய வேண்டும். ஆசிரியைகள் சேலையில் வர வேண்டாம். ஒரு நாள் சல்வாரில் வர அதிபர் அனுமதி தரட்டும். சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டு நனைந்த பாறையில் இறங்குகிற ஆசிரியையால் பிள்ளையின் கையைப் பிடிக்க முடியாது.

பயணம் முடிந்தபின் பத்துப் பக்க அறிக்கை எழுதச் சொல்லி அந்த நாளைத் தண்டனையாக்கிவிடாதீர்கள். ஒரு தாளில் ஆறு ஓடும் வழியை நினைவிலிருந்து வரையச் சொன்னால் போதும்.

ஹோட்டன் சமவெளி இந்த வருடம் முடியவே முடியாது என்றால், அல்லது தரம் 7, 8 பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்றால், நம் கண்ணெதிரே தும்பறை மலைகள் நிற்கின்றன. 1,906 மீற்றர் கொம்பனியவும், மடக்கிய முட்டியைப் போன்ற வடிவால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று பெயரிட்ட சிகரமும் அந்தத் தொடரில்தான். 2010இல் ஹோட்டன் சமவெளியோடு சேர்த்தே அதுவும் உலக மரபுரிமையானது. மாத்தளை, இரத்தோட்டை வழியாக றிவர்ஸ்டன் ஏறி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் பிட்டவலப் பத்தனை. சிறிய புல்வெளி, முடிவில் ஒரு பாறை விளிம்பு. மெதுவாக நடந்தாலும் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடலாம். நனைந்த பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் புள்ளித் தவளையொன்று அங்கே இருக்கிறது. தும்பறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. பாறை நிறத்திலேயே இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். அங்கும் விளிம்பில் அதே கண்டிப்பு வேண்டும். வழியில் காட்டுக்குள் இறங்கினால் அட்டை உண்டு. சவர்க்காரம் தடவிக்கொண்டால் சரி.

ஹோட்டன் சமவெளிக்கு நல்ல காலம் தை முதல் பங்குனி வரை. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று விளிம்பை நாள் முழுவதும் மூடிவிடும். ஆகவே முதலாம் தவணையிலேயே ஒரு சனிக்கிழமையைக் குறித்து, இந்தக் கிழமையே அதிபரிடம் பேசுங்கள். ஞாயிறும் போயா விடுமுறையும் வேண்டாம், கூட்டம் அதிகம். அனுமதிக் கடிதத்தை எப்படி எழுதுவது, தங்க மண்டபத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். பிள்ளைகளோடு நடக்க ஒரு பெரியவர் குறைகிறார் என்றாலும் சொல்லுங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
குண்டசாலை